பசுமைச் சான்று பெற்ற சாலை: எதை அளக்கிறோம், எதை விடுகிறோம்?

1. கேள்வி

சாலை ஒன்று போடுவதென்றால் மலையை உடைத்து ஜல்லி வர வேண்டும். ஏரியிலிருந்தோ பட்டா நிலத்திலிருந்தோ கிராவல் மண் வர வேண்டும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து தார் வர வேண்டும். போட்டு முடித்த பிறகு அந்தச் சாலை மழைநீரின் போக்கை மாற்றுகிறது, காட்டை இரண்டாகப் பிரிக்கிறது, ஊர்களை இணைக்கிறது, நிலத்தின் விலையை உயர்த்துகிறது, புதிய வண்டிகளை வரவழைக்கிறது. இத்தனை விளைவுகளையும் எடைபோட்டு, 'இது நீடித்து நிலைக்கத் தகுந்த சாலை' என்று ஒரு சான்றிதழ் தர முடியுமா? முடியும் என்ற நம்பிக்கையில் கடந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் உலகெங்கும் பல மதிப்பீட்டு முறைகள் உருவாகியுள்ளன. அவை என்ன சாதித்தன, எங்கே தவறுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது முன்வைக்கும் வாதம் ஒன்றுதான். இன்றைய சான்றுகள் பெரும்பாலும் சாலை எப்படிப் போடப்பட்டது என்பதை அளக்கின்றன. ஆனால், ஒரு சாலையின் நன்மை தீமைகளில் பெரும்பகுதி, அது போடப்படுவதற்கு முன் எடுக்கும் முடிவுகளிலும் போட்டபின் அது பயன்படும் விதத்திலும் அடங்கியிருக்கிறது. அந்த இரு முனைகளையும் உள்ளடக்காத சான்று, பொதுமக்களுக்கு அளவுக்கு மீறிய வாக்குறுதியைத் தருகிறது.

2. மதிப்பீட்டு முறைகள் வந்த வழி

கட்டடங்களுக்குப் பசுமைத் தரம் வழங்கும் 'லீட்' முறை அமெரிக்காவில் 1990களின் இறுதியில் பரவத் தொடங்கியதும், அதே பாணியைச் சாலைகளுக்கும் கொண்டுவரலாம் என்ற எண்ணம் எழுந்தது. பிரிட்டனில் குடிசார் பொறியாளர் நிறுவனத்தின் முயற்சியில் உருவான 'சீக்வல்' 2003இல் நடைமுறைக்கு வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் எழுதப்பட்ட ஒரு முதுகலை ஆய்வேட்டிலிருந்து 'கிரீன்ரோட்ஸ்' பிறந்தது. 2010இல் அதை நடத்தத் தனி அமைப்பு உருவானது. நியூயார்க் மாநிலப் போக்குவரத்துத் துறை 2008இல் தன் பணிகளுக்கென்றே 'கிரீன்லைட்ஸ்' முறையை வகுத்துக்கொண்டது. 2012இல் மட்டும் மூன்று முறைகள் வெளிவந்தன: அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் 'இன்வெஸ்ட்', எல்லாவகை உள்கட்டமைப்புக்குமான 'என்விஷன்', ஆஸ்திரேலியாவின் 'ஐ.எஸ்.' தரமதிப்பீடு.

இவற்றை இரு கேள்விகளைக் கொண்டு வகைப்படுத்தலாம். யார் மதிப்பிடுகிறார்கள்? எந்தக் கட்டத்தை மதிப்பிடுகிறார்கள்? கிரீன்ரோட்ஸ் வெளியாரின் சரிபார்ப்பை வலியுறுத்துகிறது; ஆனால் தனித்தனிக் கட்டுமானப் பணியைத்தான் கணக்கில் எடுக்கிறது. இன்வெஸ்ட் அதற்கு நேர்மாறு. அது திட்டமிடல், பணி உருவாக்கம், இயக்கமும் பராமரிப்பும் என்று சாலை அமைப்பின் முழு வாழ்நாளையும் கேள்விக்கு உட்படுத்துகிறது. ஆனால் துறை தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் கருவி அது. சான்றிதழ் எதுவும் தருவதில்லை. ஆக, விரிவாகக் கேட்பவர் வெளியாரைக் கொண்டு சரிபார்ப்பதில்லை. சரிபார்ப்பவர் விரிவாகக் கேட்பதில்லை. வடிவமைப்பு, கட்டிமுடித்த நிலை, இயக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே தரம் வழங்கும் ஆஸ்திரேலிய முறை இவ்விரண்டையும் சேர்க்க முயன்றது. பின்னர் திட்டமிடல் கட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. கட்டம் கட்டமாகச் சான்றளிப்பது நடைமுறையில் இயலாது என்ற பேச்சுக்கு இதுவே போதிய பதில்.

3. கூட்டல் கணக்கு மறைப்பது

மதிப்பெண் முறையின் உள்ளமைப்பைப் பார்க்க, 2011இல் வெளியான கிரீன்ரோட்ஸின் 1.5ஆம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். பின்னாளில் அது திருத்தப்பட்டுவிட்டது. என்றாலும், இத்தகைய முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான தர்க்கம் அதில் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. அதில் 11 கட்டாயத் தேவைகள் உண்டு: சுற்றுச்சூழல் ஆய்வு, வாழ்நாள் செலவுக் கணக்கு, கழிவு மேலாண்மைத் திட்டம், இரைச்சல் தணிப்புத் திட்டம் போன்றவை. அதற்குமேல் ஐந்து பிரிவுகளில் 108 மதிப்பெண்கள்: சுற்றுச்சூழலும் நீரும் 21, அணுக்கமும் சமத்துவமும் 30, கட்டுமானப் பணிகள் 14, பொருள்களும் வளங்களும் 23, சாலைத்தளத் தொழில்நுட்பம் 20. கட்டாயத் தேவைகளை நிறைவுசெய்து 32 மதிப்பெண் பெற்றால் சான்று, 43 பெற்றால் வெள்ளி, 54க்குத் தங்கம், 64க்கு உச்சத் தரம். இப்போது ஒரு எளிய கூட்டல்: பொருள்களுக்குரிய 23உம் தளத் தொழில்நுட்பத்துக்குரிய 20உம் சேர்ந்தால் 43. அதாவது, நீரோட்டம், வாழிடம், நடந்து செல்வோர், பேருந்துப் பயணிகள் ஆகிய எதற்கும் ஒரு மதிப்பெண்கூடப் பெறாத சாலை, கணக்குப்படி வெள்ளித் தரத்தை எட்டலாம். நடைமுறையில் ஒரே சாலை இவ்விரு பிரிவுகளையும் முழுதாக வெல்வது கடினம்தான். ஆனாலும், ஒரு பிரிவின் குறையை இன்னொரு பிரிவின் மிகுதியால் ஈடுகட்டலாம் என்று விதியே அனுமதிக்கிறது. நம் பத்தாம் வகுப்புத் தேர்வில்கூடக் கணக்கில் நூறு எடுத்த மாணவர் தமிழில் 35 எடுக்காவிட்டால் தேர்ச்சி இல்லை.

மதிப்பெண்களின் ஒப்பீட்டு எடையும் ஆராயத்தக்கது. அதே பதிப்பில், விலங்குகள் சாலையைக் கடப்பதற்கான சூழலியல் இணைப்புக்கு அதிகபட்சம் 3 மதிப்பெண். தார்க்கலவையை வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் தயாரிக்கும் 'வார்ம் மிக்ஸ்' நுட்பத்துக்கும் 3 மதிப்பெண். நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஊடுருவும் தேசிய நெடுஞ்சாலை 44இல், வனவிலங்கு ஆர்வலர்கள் தொடுத்த வழக்குகளுக்குப் பிறகு மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகளுக்கென ஒன்பது கடவைகள் கட்டப்பட்டன. அவற்றில் நீளமானவை 750 மீட்டர். அவற்றின் வழியே புலிகளும் பிற விலங்குகளும் கடந்துசெல்வதைக் கேமராக்கள் பதிவுசெய்துள்ளன. இந்த வேலையும் கலவை எந்திரத்தின் வெப்பநிலையைச் சில பத்து டிகிரி குறைப்பதும் ஒரே எடை பெறும்போது, ஒப்பந்ததாரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. பெஞ்சில் அந்தக் கடவைகளைக் கட்டவைத்தது வழக்காடிய குடிமக்களின் விடாப்பிடி. மதிப்பெண் ஆசை அங்கே வேலை செய்யவில்லை.

தொழிலாளர் பற்றிய எடை இன்னும் வருத்தம் தருவது. தார் விரிக்கும்போது எழும் புகையிலிருந்து தொழிலாளரைக் காக்கும் ஏற்பாட்டுக்கு 1 மதிப்பெண். சாலையிலிருந்து இயற்கைக் காட்சிகளைக் காண வழிசெய்தால் 2. தார்க்கலவையை விரிக்கும் பேவர் எந்திரமே பெரும்பகுதி வேலையைச் செய்யும் நாட்டில் இந்த எடை ஒருவேளை நியாயமாகத் தோன்றியிருக்கலாம். நம் ஊரக, நகரச் சாலைகளில், காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, சூடான கலவையை இரும்புச் சட்டியில் சுமந்து கொட்டும் ஆண்களையும் பெண்களையும் இன்றும் பார்க்கிறோம். அங்கே இதே அட்டவணையை அப்படியே கொண்டுவந்து பயன்படுத்துவது, அவர்களுடைய நுரையீரலைக் கணக்கிலிருந்து நீக்குவதாகும். ஒரு மதிப்பீட்டு முறை எந்த நாட்டின் வேலைத்தளத்தை மனதில் வைத்து எழுதப்பட்டதோ அந்த நாட்டின் கவலைகளைத்தான் அது சுமக்கும். ஆகவே அதன் எடைகளை உள்ளூர் நிலைமைக்கேற்ப மறுபடியும் வாதிட்டு முடிவுசெய்தாக வேண்டும்.

4. எது ஒரு சாலை? மதிப்பீட்டின் எல்லை

மதிப்பெண் போடுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டிய கேள்வி, எதை ஒரு பணி என்று கொள்வது என்பது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 2013இல் செய்த திருத்தத்தின்படி, தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கம் 100 கிலோமீட்டரைத் தாண்டி, குறிப்பிட்ட அளவுக்குமேல் நிலமும் எடுத்தால்தான் முன் அனுமதி தேவை. உத்தராகண்டில் 2016 டிசம்பரில் தொடங்கிய சார்தாம் சாலைத் திட்டம் சுமார் 889 கிலோமீட்டர் நீளமுடையது. அது 53 பணிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 100 கிலோமீட்டருக்கு உட்பட்டது என்பதால் முழுத் தடத்துக்குமான தாக்க மதிப்பீடு நடைபெறவில்லை. உச்ச நீதிமன்றம் 2019இல் உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. தளத்தின் அகலம் 5.5 மீட்டரா, 10 மீட்டரா என்பதில் அந்தக் குழுவே இரண்டாகப் பிரிந்தது. 2020இல் குறைந்த அகலத்தை ஏற்ற நீதிமன்றம், நாட்டின் பாதுகாப்புத் தேவையைக் கருதி 2021 டிசம்பரில் அகலமான சாலைக்கு அனுமதி தந்தது.

இந்த 53 பணிகளையும் தனித்தனியே ஒரு பசுமை மதிப்பீட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? பல பணிகள் நல்ல மதிப்பெண் பெறக்கூடும்: வெட்டிய பாறையையே ஜல்லியாக்கியதற்கு, உள்ளூர்ப் பொருளைப் பயன்படுத்தியதற்கு, சரிவுகளில் புல் வளர்த்ததற்கு. ஆனால் மலைச்சரிவை எத்தனை இடங்களில் வெட்டுகிறோம், வெட்டிய மண் மொத்தமாக எந்த ஆற்றில் சேர்கிறது, கூடுதல் 4.5 மீட்டர் அகலம் 889 கிலோமீட்டரில் என்ன செய்யும் ஆகிய கேள்விகள் 53 விண்ணப்பங்களில் எதிலும் எழாது. இளம் மலைத்தொடரான இமயத்தின் பாறைகளோ ஒப்பந்த எண்ணைப் பார்த்துச் சரிவதில்லை. தாக்கம் திரண்டு வரும்போது மதிப்பீடு துண்டு துண்டாக இருந்தால், ஒவ்வொரு துண்டும் நேர்மையாக மதிப்பிடப்பட்டாலும் முழுமையைப் பற்றிய தீர்ப்பு பிழையாகிவிடும்.

எல்லை பற்றிய இன்னொரு சிக்கல், சாலையே போடாமல் இருப்பதற்கோ இருக்கும் சாலையைக் குறைவாகப் பயன்படுத்துவதற்கோ இந்த அட்டவணைகளில் இடமில்லாதது. முதுமலையை ஒட்டிய பந்திப்பூர்க் காட்டுக்குள் செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. இதற்கு ஜல்லியும் வேண்டாம், தாரும் வேண்டாம். வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகளைக் காப்பதில் இவ்வளவு மலிவான, உறுதியான ஏற்பாடு வேறொன்று இருப்பது அரிது. கட்டுமானப் பணி எதுவும் இல்லாததால் இதற்குச் சான்று கிடையாது. அதே காட்டில் நான்குவழிச் சாலை போட்டு, ஓரத்தில் இரைச்சல் தடுப்புச் சுவர் எழுப்பினால் அது மதிப்பெண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டினால்தான் பசுமை என்ற இந்தச் சாய்வு, சான்று வழங்கும் அமைப்புகள் கட்டணம் பெறும் முறையோடும் பிணைந்திருக்கிறது. பணி இருந்தால்தான் விண்ணப்பமும் இருக்கும்.

5. திறப்பு விழாவுக்குப் பிறகு

சாலையின் வாழ்நாளில் கட்டுமானம் ஒரு சிறு பகுதி. போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலையில், கட்டும்போது வெளியாகும் கரியமில வாயுவைவிட, அதன்மீது ஓடும் வண்டிகள் ஆண்டாண்டாக வெளியிடுவது பல மடங்கு அதிகம். புதிய சாலை நெரிசலைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் என்பது வழக்கமான வாதம். ஜீல் டுராண்டன், மேத்யூ டர்னர் என்ற பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் பெருநகரங்களில் சாலையின் நீளம் எந்த விகிதத்தில் கூடியதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடிய தொலைவும் கூடியதைக் காட்டியது. இந்திய நகரங்கள் அமெரிக்க நகரங்களைப் போன்றவை அல்ல. அந்த விகிதம் இங்கே அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. எனினும், மிச்சமாகும் எரிபொருளை வரவில் எழுதுகிறவர்கள் கூடுதலாக வரப்போகும் வண்டிகளைச் செலவில் எழுதியே ஆக வேண்டும்.

தாங்குதிறனுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் பெற்ற பாடம், அச்சின் எடை கூடும்போது சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் மடியில் கூடுகிறது என்பது. இந்தியாவில் நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட எடை 2018இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எடை உயர்வு சுமார் 13 விழுக்காடு. நான்காம் மடிக் கணக்கில் சேதமோ சுமார் 60 விழுக்காடு கூடுகிறது. பழைய எடைக்கு வடிவமைத்து 'நீண்ட ஆயுள் தளம்' என்று மதிப்பெண் பெற்ற ஒரு சாலை, ஒரே அரசாணையில் அந்தத் தகுதியை இழந்துவிடக்கூடும். சான்றிதழோ சுவரில் அப்படியே தொங்கும்.

பிளாஸ்டிக் கழிவைச் சாலையில் பயன்படுத்தும் முறை இதை இன்னும் நெருங்கிப் பார்க்க உதவும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் இரா. வாசுதேவன் உருவாக்கிய இம்முறையில், துருவிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் தூவுகிறார்கள்; அது உருகி ஜல்லியின்மேல் படலமாகப் படிந்தபின் தார் சேர்க்கிறார்கள். இந்திய சாலைகள் காங்கிரஸ் 2013இல் இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது; 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தாரின் தேவையைக் குறைத்து, குப்பைமேட்டுக்குப் போகும் உறைகளுக்கு ஒரு பயனைத் தந்த அரிய கண்டுபிடிப்பு இது. ஆனால் எத்தனை கிலோ பிளாஸ்டிக் சாலைக்குள் போனது என்று எண்ணுவதோடு மதிப்பீடு நின்றுவிடக் கூடாது. பி.வி.சி. கலந்துவிட்டால் சூட்டில் நச்சு வாயு வெளியாகும்; அதைத் தரம்பிரித்து விலக்குகிறவர்கள் குப்பைக் கொட்டகையில் வேலைசெய்யும் தூய்மைப் பணியாளர்கள். அவர்களுடைய வேலை ஒழுங்காக நடந்ததா, கலவை ஆலையில் வெப்பநிலை பதிவானதா, பத்தாண்டு கழித்து அந்தத் தளத்தைச் சுரண்டி எடுக்கும்போது அது மறுபயன்பாட்டுக்கு உதவியதா என்பவைதான் அந்தச் சாலையின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. எடைச்சீட்டு இவற்றில் எதையும் சொல்லாது.

பராமரிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டு நகரத் தெருக்களே சாட்சி. பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தளத்தைப் போட்டுக்கொண்டே வந்ததால், சென்னையில் பல தெருக்கள் வீட்டு வாசலைவிட உயர்ந்து மழைநீரை வீட்டுக்குள் அனுப்புகின்றன. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தளத்தை மில்லிங் செய்து எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும், சாலையின் மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவிட்டார். சாலையின் மட்டத்தை முன்னும் பின்னும் அளந்து வெளியிடுவது எந்தப் பசுமைப் பட்டியலிலும் உள்ள கவர்ச்சியான தொழில்நுட்பத்தைவிட எளியது. வெள்ளத்தைத் தடுப்பதிலும் ஜல்லியை மிச்சப்படுத்துவதிலும் அதன் பயன் பெரியது.

6. மறுப்புகளும் விடைகளும்

ஒன்றுமே இல்லாததைவிடக் குறையுள்ள சான்று மேல் என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. வாழ்நாள் செலவைக் கணக்கிடாமல் குறைந்த ஒப்பந்தப்புள்ளியை மட்டும் பார்த்து வந்த பொறியாளர்களைப் புதிய கேள்விகள் கேட்கவைத்தது இந்த முறைகளின் சாதனை. ஆனால் சான்று என்பது கற்றுக்கொள்ளும் கருவியாக மட்டும் நிற்பதில்லை. தில்லி–மும்பை விரைவுச்சாலைக்குக் கடன் திரட்டப் பசுமைப் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. இனி 'பசுமை' என்ற முத்திரைக்குப் பண மதிப்பு உண்டு. பணம் சேரும் இடத்தில் தளர்வான அளவுகோல் கற்பிக்காது, மறைக்கவே உதவும்.

சாலை தேவையா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் மக்கள் பிரதிநிதிகளும் நீதிமன்றங்களும்தானே, மதிப்பீட்டாளருக்கு அதில் என்ன உரிமை என்பது இரண்டாவது மறுப்பு. இதுவும் நியாயமானதே. மதிப்பீட்டாளர் தேவையைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. மாற்றுத் தடங்கள் ஆராயப்பட்டனவா, பொது விசாரணை நடந்ததா, முழுத் தடத்தின் திரண்ட தாக்கம் கணக்கிடப்பட்டதா, அந்த ஆவணங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டனவா என்று மட்டும் அவர் சரிபார்க்கலாம். இல்லையெனில் சான்று இல்லை. இது முடிவெடுக்கும் உரிமையைப் பறிப்பதில்லை. முடிவு முறையாக எடுக்கப்பட்டது என்பதற்கான ஆதாரத்தைக் கேட்கிறது.

இத்தனை சரிபார்ப்புக்கும் செலவாகும், கிராமச் சாலைக்கு இது தாங்காது என்பது மூன்றாவது மறுப்பு. 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டமே இதற்கு விடை வைத்திருக்கிறது. அதன் ஒப்பந்தங்களில், சாலையைப் போட்ட ஒப்பந்ததாரரே ஐந்தாண்டுக்குக் குறைகளைச் சரிசெய்து பராமரிக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டின் இறுதி ஆய்வையே சான்றின் அடிப்படையாக்கினால் புதிய அலுவலகமும் புதிய கட்டணமும் பெரிதாகத் தேவைப்படாது.

7. சான்று எப்படி அமைய வேண்டும்?

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தபட்ச மதிப்பெண் கட்டாயமாக வேண்டும். நீர், வாழிடம், தொழிலாளர் நலம், நடந்து செல்வோர் ஆகியவற்றில் தோற்ற சாலையைத் தார்க்கலவையின் சிறப்பு காப்பாற்றக் கூடாது. எடைகளைப் பற்றிய கருத்து வேறுபாடு என்றும் தீராது என்பதால், பிரிவுதோறும் தேர்ச்சி என்ற விதியே அந்தச் சர்ச்சையின் தீங்கைக் குறைக்கும். இரண்டாவது, மதிப்பீட்டின் அலகு ஒப்பந்தமாக இல்லாமல் முழுத் தடமாக இருக்க வேண்டும். மூன்றாவது, திறப்பு விழாவில் தருவது தற்காலிகச் சான்றாகவே இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தளத்தின் நிலை, வடிகால், நட்ட மரங்களில் பிழைத்தவை, விபத்துகள், விலங்குகளின் நடமாட்டம், வண்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து அதைப் புதுப்பிக்கவோ திரும்பப் பெறவோ வேண்டும். 2015ஆம் ஆண்டின் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை திட்டச் செலவில் 1 விழுக்காட்டை மரம் நடுதலுக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஒதுக்கிய தொகையோடு நில்லாமல், வெட்டிய புளியமரத்தின் நிழலுக்கு ஈடான நிழல் எப்போது திரும்பியது என்பதையும் இந்தப் புதுப்பித்தல் கேட்க வேண்டும். நான்காவது, மதிப்பெண் தாளும் அதற்கான ஆதாரங்களும் தமிழ் உள்ளிட்ட அந்தந்த வட்டார மொழியில் வெளியாக வேண்டும். சாலையோரத்து மக்கள் ஆட்சேபம் தெரிவிக்கக் காலக்கெடு இருக்க வேண்டும்.

இந்த நான்கில் எதுவும் புதிய தொழில்நுட்பம் கேட்பதில்லை. ஆஸ்திரேலியா கட்டம்தோறும் தரமளிக்கிறது. கிராமச் சாலைத் திட்டம் ஐந்தாண்டுப் பொறுப்பை விதிக்கிறது. பெஞ்சில் கேமராக்கள் விளைவைப் பதிவுசெய்கின்றன. சாலையின் மட்டம் உயரக் கூடாது என்ற உத்தரவு நம்மிடமே இருக்கிறது. சிதறிக் கிடக்கும் இந்த நடைமுறைகளை ஒப்பந்த ஆவணத்தின் நிபந்தனைகளாக்கி, இறுதித் தொகையின் ஒரு பகுதியைப் புதுப்பித்த சான்றோடு பிணைப்பதே அரசுகள் செய்ய வேண்டிய வேலை. அதுவரை, எந்தச் சாலையையும் பசுமைச் சாலை என்று அறிவிக்கும்போது, எந்தக் கட்டத்தில், யாரால், எந்த எல்லைக்குள் மதிப்பிடப்பட்டது என்பதையும் அதே அறிவிப்பில் சொல்லியாக வேண்டும். நிலம் கொடுத்தவர்களும் வரி கொடுத்தவர்களும் கேட்கத் தகுந்த குறைந்தபட்ச நேர்மை அது.